நூறால பெருக்கிப் பாரு, அப்பு

வாடா அப்பு, மாடலைத் திண்ணையிலயே வை. உள்ள கொண்டு போயிராத. உங்க அப்பத்தா கண்ணுக்குப் பச்சையா எது பட்டாலும் கீரைன்னு ஆய உக்காந்துருவா.

அடேயப்பா! சும்மா சொல்லக்கூடாது, கண்ணைப் பறிக்குது. கானாடுகாத்தான் வீடுதானே? முகப்பு இருக்கு, வளவு இருக்கு, ரெண்டாங்கட்டு இருக்கு. முன்வாசல்ல ஒத்தக் கண்ணை மூடிப் பார்த்தா பின்வாசல் வழியா அடுத்த தெரு தெரியுது. பழைய செட்டிநாட்டு வீட்டுக்கு அதுதான் லட்சணம். ஒரு தெருவுல நுழைஞ்சா மறு தெருவுல வெளியேறணும். கரணை பிடிச்சுக் காச்ச கை இது, சுவத்துல நான் குத்தம் சொல்லப் போறதில்ல. மூலை மட்டமெல்லாம் சரியாத்தான் நிக்குது.

ஆனா வீட்டைச் சுத்திப் புல்லு வளர்த்திருக்க பாரு, அங்கதான்டா நான் அசந்து போனேன். கானாடுகாத்தான்ல புல்தரை! செம்மண்ணும் செம்புராங்கல்லும் உடைமரமும் கிடக்குற பூமியில, ஊட்டியில இருந்து யாரு பேத்துக் கொண்டாந்து விரிச்சா? அதுவும் சுவத்தை ஒட்டி, வாசப்படி வரைக்கும், ஒரு எடம் பாக்கி இல்லாம. அந்த வீட்டு ஆச்சி எங்கிட்டுடா கோலம் போடுவாங்க? புல்லு மேலயா?

என்ன சொன்ன? கடையில பாக்கெட்டுல விக்கிற பச்சைத் தூளா? ஃபெவிகால் வழிஞ்ச எடமெல்லாம் அதுல மறைஞ்சிருமா? அப்படிச் சொல்லு. அப்ப இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்கித் தூவு. கூரை மேலயும் தூவு. உள்ள என்னென்ன கோணலாக் கிடக்கோ எல்லாம் மூடட்டும். எங்க காலத்துல கொத்தனாரு கோணலாக் கட்டினா பூச்சுல சரிபண்ணுவான், பூச்சும் கோணலாப் போனா வெள்ளையடிக்கிறவன் தலையில கட்டுவான். உங்களுக்குப் பச்சையடிச்சாப் போதும். படிச்ச பிள்ளைக, சோலி சுருக்கா முடியுது.

ஆனா எனக்குக் கண்ணு இன்னும் தெரியுதுல்ல? அந்தப் பச்சைக்கு அடியில சுவத்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. ரெண்டு மில்லி இருக்குமா? உன் மாடல் ஒண்ணுக்கு நூறுன்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்த. இங்க ஒரு சென்டிமீட்டர்னா அங்க ஒரு மீட்டர். அப்ப ரெண்டு மில்லியை நூறால பெருக்கு. இருபது சென்டி. கீரிப்பிள்ளை பொண்டாட்டி பிள்ளையோட போய் வரலாம். கணக்கைச் சொல்லிக்குடுத்துட்டு நீ விட்டுட்ட, நான் பிடிச்சுக்கிட்டேன். இனிமே எதை ஒட்டுறதுன்னாலும் முதல்ல நூறால பெருக்கிட்டு ஒட்டு.

கூரையை எடுத்துக்க. அட்டைப்பெட்டியைத் தண்ணியில ஊறவச்சு மேல் தாளை உரிச்சு, உள்ள இருக்கிற நெளியை ஓடுன்னு ஒட்டியிருக்க. யோசனை நல்ல யோசனைதான். நெளிக்கு நெளி அளந்து பாரு, ஆறு ஏழு மில்லி. பெருக்கு. அறுபது எழுபது சென்டி அகலத்துல ஒரு ஓடு! அதைத் தூக்கி மேல வைக்க நாலு ஆளு வேணும்டா, சாரம் தாங்காது. மங்களூர் ஓடே அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான். நம்ம நாட்டு ஓடு அதுலயும் சின்னது. குண்டு பல்பு வாங்கினா அதைச் சுத்தி மெல்லிசா ஒரு நெளி அட்டை வருமே, அது இருந்தா ஒட்டு. இல்லையா, தடித்த தாள்ல எழுதாத பேனா முனையை வச்சு வரிவரியாக் கீறு. போதும். ஓட்டை எண்ண யாரும் வரப்போறதில்ல, கூரையில வரி ஓடுதுன்னு கண்ணுக்குப் பட்டா சரி.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லுப் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிருக்கியே, அது எத்தனை பெருசு? ரெண்டு சென்டியா? பேஷ். ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் ஆத்தங்குடிக் கல்லு. எட்டு அங்குலம் பத்து அங்குலத்துக்குக் கண்ணாடி மேல கலவை ஊத்தி எடுக்கிறதுக்கே அவங்க அந்தப் பாடு படுறாங்க. நீ கேட்ட கல்லுக்கு ஆத்தங்குடியில எவன்கிட்டயும் கண்ணாடி இருக்காது. நிசக் கல்லு உன் மாடல்ல ரெண்டு மில்லி, ரெண்டரை மில்லிதான் வரும். அதுல பூவும் வேணாம் கொடியும் வேணாம், ரெண்டு நிறத்துல கட்டம் கட்டமாத் தெரிஞ்சாலே ஆச்சு.

அப்புறம் நேத்து உங்க அப்பத்தாகிட்ட முட்டை கேட்டியாமே. செட்டிநாட்டுச் சுவத்துக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசுவாங்கன்னு புத்தகத்துல படிச்சியாம், மாடலுக்கும் பூசலாம்னு பார்த்தியாம். பூசு. நல்லாப் பூசு. நாளைக்குக் காலையில எறும்பு வந்து உன் காலேசு ஜூரிக்கு முன்னாடி மார்க்குப் போட்டுட்டுப் போகும். அந்தப் பூச்சு வழவழன்னு வெள்ளையா இருக்கும். உன் அட்டையும் வழவழன்னு வெள்ளையா இருக்கு. அதைச் சும்மா விடுறதுதான்டா அங்க செய்ய வேண்டிய வேலை. முட்டையை நீ தின்னு, ராத்திரி முழிக்கத் தெம்பு வேணும்.

மண்ணு விசயத்துக்கு வருவோம். பச்சையைச் சுரண்டி எடுத்துட்டா என்ன போடுறதுன்னுதானே முழிக்கிற? நம்ம கொல்லையில கிடக்குறது என்ன? செம்மண்ணுக்குச் செம்மண்ணையே போடு. ஆனா அப்படியே அள்ளிக் கொட்டிராத. ஒரு மில்லி குருணை ஒண்ணு கிடந்தாலும் உன் கணக்குக்குப் பத்து சென்டிக் கல்லு. வாசல் பூரா சரளை கொட்டிக் கிடக்கும், மாப்பிள்ளை ஊர்வலம் வந்தா தடுக்கி விழும். நல்லா இடிச்சு, டீ வடிகட்டியில சலிச்சு, பெறகு என் பழைய வேட்டியில ஒரு சலி சலிச்சிரு. பழசுன்னா பழசு, பொங்கலுக்கு எடுத்ததைத் தொட்டுறாத. சலிச்சதை வாணலியில போட்டு வறுத்துக்க. இல்லேன்னா அதுல இருக்கிற முட்டையும் விதையும் உன் மாடல்லயே பிறந்து வளரும், பூஞ்சையும் பிடிக்கும். வறுக்கிறது அப்பத்தா கோயிலுக்குப் போற நேரமாப் பார்த்து. அதுல தாளிக்கிற வாடை வரும் வரைக்கும் அவளுக்குத் தெரியக்கூடாது.

ஒட்டுறதுக்கு ஃபெவிகாலைப் பாதிக்குப் பாதி தண்ணி விட்டுக் கலக்கு. அதுல பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணி ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு விடலேன்னா கலவை மண்ணு மேல முத்து முத்தா உருண்டு ஓடுமே ஒழிய உள்ள இறங்காது. இன்னொண்ணு, ஈரம் பட்ட அட்டை ஒரு பக்கமாச் சுருங்கி அப்பளமா வளைஞ்சு நிக்கும். அடியிலயும் அதே கலவையைத் தடவி ஒரு தாளை ஒட்டிரு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இழுத்துக்கிட்டு மட்டமா நிக்கும். பலகைக்கும் அதேதான்.

மண்ணு பசையைக் குடிச்சுதுன்னா காஞ்ச பிறகும் கறுத்துத்தான் கிடக்கும். அதனால முன்கூட்டியே கொஞ்சம் சாக்பீஸ் தூள் கலந்து வெளிற வச்சுக்க. அந்தா கண்மாய்க்கு அங்கிட்டு நிக்கிற பனங்கூட்டம் என்ன நிறத்துல தெரியுது? பக்கத்துல போனா கரும்பச்சை, இங்கிருந்து பார்த்தா வெளிறின சாம்பலு. மாடலும் தூரத்துல நிக்கிற வீடுதானேடா. டப்பாவுல இருக்கிற பெயிண்ட்டை அப்படியே அடிச்சா விளையாட்டுச் சாமான் கடை ஆகிப்போகும். எந்த நிறமா இருந்தாலும் ஒரு படி வெளுப்பா அடி.

நீதானே அன்னைக்கு ஒரு பெரிய மனுசனைப் பத்தி வாசிச்சுக் காட்டுன. இத்தாலியில 15-ம் நூற்றாண்டுல இருந்தாரே, அல்பெர்ட்டி. கட்டடக் கலைக்குன்னே லத்தீன்ல புத்தகம் எழுதினவரு. வர்ணம் பூசி மினுக்கி மாடலைக் கொண்டாந்து காட்டுறவன், பார்க்கிறவன் கண்ணை மயக்கித் தன் பேரைக் காட்டிக்கப் பார்க்கிறான், மாடல்னா எளிமையா, உள்ளதை உள்ளபடி காட்டணும்னு சொல்லியிருக்காருன்னு வாசிச்சியே. வாசிச்சிட்டு நேரா கடைக்குப் போய்ப் பச்சைத் தூளு வாங்கிட்டு வந்துட்ட. அவரு செத்து ஐநூறு வருசத்துக்கு மேல ஆச்சு, கேக்கவா போறாரு. தைரியமா இரு.

சரி, அந்த மரத்தைக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளு. பல்லுக்குச்சி மேல தெர்மகோல் உருண்டை. என்ன மரம்டா இது? வேம்பா, புளியா, அரசா? மரம்தானா? நல்லாருக்கு. காய் காய்க்காது, இலை உதிராது, பேரும் கிடையாது. எத்தனை நட்டிருக்க, தெருவுக்கு ரெண்டு பக்கமும் ராணுவம் நிக்குது. அதுல பாதி உருண்டை குழி விழுந்து கிடக்கே, ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சியா? அடிச்சிருப்ப. ஸ்ப்ரேயில இருக்கிற திரவம் தெர்மகோலைக் கரைச்சுத் தின்னும். தண்ணியில கரைக்கிற பெயிண்ட்டை பிரஷ்ல தடவியிருந்தா உருண்டை பிழைச்சிருக்கும். போகட்டும், பிழைச்சும் அது என்ன சாதிக்கப் போகுது.

ஓரத்துல நிக்கிறது பனைன்னு சொல்ற. நாலு சென்டி உசரம். பெருக்கு. நாலு மீட்டர். அது பனை இல்ல அப்பு, வடலி. வளர்ந்த பனை இருபது மீட்டர் நிக்கும். அப்ப உன் மாடல்ல அது இருபது சென்டி இருக்கணும். உன் வீடு மாடியோட சேர்த்து எத்தனை? ஒம்பது சென்டி. வீட்டுக்கு ரெண்டு மடங்கு உசரத்துல பனை நின்னாத்தான் நம்ம ஊரு. வீடு சிறுசாத் தெரிஞ்சிருமோன்னு மரத்தை வெட்டிப்புட்ட, அதுதானே விசயம்? நீ மட்டுமில்ல, காலேசுல எல்லாப் பிள்ளையும் அதைத்தான் செய்யுது. வீட்டைப் பெருசாக் காட்ட ஊரைக் குட்டையாக்குறது. முகப்புல லட்சுமியும் யாளியும் வச்சுக் கட்டின செட்டியாருகளே பனையோட போட்டிக்குப் போகல.

பனை செய்யிறது லேசு. கறிக்கடையில கோழியைக் கோத்துச் சுடுவானே, அந்த மூங்கில் குச்சி மூணு மில்லி இருக்கும். முப்பது சென்டி தடிமனுக்குச் சரியாப் போச்சு. கத்தியால குறுக்க குறுக்க லேசாக் கீறி, கறுப்பும் சாம்பலும் கலந்து தடவு. ஓலைக்கு மெல்லிசான தாளை விசிறியா வெட்டு, ஒண்ணு ஒரு சென்டிக்குக் கொஞ்சம் கூட. மேல் ஓலை விறைச்சு நிக்கணும், கீழ காஞ்ச ஓலை தொங்கணும். காஞ்ச ஓலை தொங்காத பனையை நான் பார்த்ததில்ல. ஏறுறதுக்குத்தான் இப்ப ஆளே இல்லையே.

வேம்புக்கும் புளிக்கும் வேற வழி. வீட்டுல கிடக்குற பழைய கரண்ட் வயரை உரி, உள்ள இருக்கிற செம்புக் கம்பியை ஒண்ணாச் சேர்த்து முறுக்கு. கீழ் நுனியைப் பிரிச்சு விட்டா வேரு, மேல் நுனியைப் பிரிச்சுப் பிரிச்சு முறுக்கினா கிளை. அதுக்கு மேல ஃபெவிகாலும் மரத்தூளும் குழைச்சுத் தடவினா பட்டை. இலைக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைத் தண்ணியோட மிக்ஸியில அடிச்சுப் பிழிஞ்சு காயவச்சுத் தூளாக்கு. எந்த மிக்ஸின்னு நான் சொல்ல மாட்டேன், என் தலை எனக்கு வேணும். பீர்க்கங்காய் நாரு இருந்தா இன்னும் விசேசம், பிச்சுப் பிச்சு வச்சா கிளைக்கு நடுவுல வெளிச்சம் தெரியும். வேம்புக்கு வெளிச்சம் தெரியணும். புளிக்கு அடர்த்தி வேணும், ஆனா அதைக் கொண்டுபோய் வாசல்ல நட்டுறாத. புளியமரம் வாசல்ல நின்னா அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. ஜூரியில நம்ம பக்கத்து ஆளு எவராச்சும் உக்காந்திருந்தா சிரிச்சுப்புடுவாரு.

மரம் வீட்டை மறைக்குதுன்னு அழாத. முகப்புப் பக்கம் நிக்கிற மரத்துக்கு இலையே வைக்காம கம்பிக் கிளையோட விட்டுரு. உதிர்காலம்னு சொல்லிக்கலாம், படிச்ச பிள்ளைதானே, வேற பேரும் கண்டுபிடிப்ப. கொல்லைப் பக்கத்து மரத்துக்கு இலை நிறைய வை. மேற்கால ரெண்டு வேம்பு வை, சாயங்கால வெயிலைத் தாங்கும். மேக்கு எதுன்னு தெரியுமா? உன் பலகையில திசை அம்பே காணோமே. திசையே இல்லாத வீட்டுக்கு எந்தப் பக்கம் நிழல் விழும்? அம்புக்குறியை ஒட்டிட்டு, ராத்திரி விளக்கை அணைச்சு டார்ச் அடிச்சுப் பாரு. நம்ம ஊருல சித்திரை பொறந்த கொஞ்ச நாள்ல இருந்து ஆவணி முதல் வாரம் வரைக்கும் உச்சி வெயில் வடக்கால நின்னுதான் அடிக்கும். தெக்குப் பக்கம் மட்டும் தாழ்வாரத்தை இறக்கிட்டு வெயிலைத் தடுத்துட்டேன்னு சொன்னீன்னா, அது வேற எந்த நாட்டு வீடோ. டார்ச்சுக்கு பேட்டரி நீயே வாங்கிக்க.

இப்ப வர்றேன் உன் நீச்சல்குளத்துக்கு. ஊரணியா? மன்னிச்சுக்க, நீலத்தைப் பார்த்து ஏமாந்துட்டேன். இந்த ஊரு ஊரணியில எப்படா நீலத் தண்ணி பார்த்த? மழை பெஞ்ச மறுநாள் செம்மண் கரைஞ்சு கிடக்கும், தெளிஞ்சா பாசி ஏறின பழுப்பு. நாலு கரையும் செம்புராங்கல்லு வச்சுக் கட்டியிருக்கியே, அது நல்லாருக்கு, அதைப் பாராட்டுறேன். படித்துறைதான் இடிக்குது. அஞ்சு மில்லி அட்டையை அடுக்கிப் படின்னு சொல்ற. பெருக்கு. ஒரு படி அரை மீட்டர். உங்க அப்பத்தா குடத்தோட அதுல இறங்கணும்னா ஏணி வேணும், ஏறணும்னா கப்பி வேணும். படி உசரம் பதினஞ்சு சென்டின்னா உனக்கு ஒண்ணரை மில்லி. அந்தத் தடிமன்ல அட்டை கிடைக்கும், தேடு.

தண்ணிக்கு அடியில நடுவுல கரும்பழுப்பு, கரைக்கு வர வரச் செம்பழுப்பு. ரெண்டும் சேருற எடத்துல கோடு தெரியாமத் தேய்ச்சு விடு. மேல ஒரு அக்ரிலிக் தகட்டை வச்சா ஆழம் தன்னால வரும். தகட்டை ஒட்ட ஃபெவிக்விக்கைத் தொடாத. அதுல இருந்து கிளம்புற ஆவி கண்ணாடி பூராம் வெள்ளையாப் படிஞ்சு பனி மூட்டம் கட்டிரும். ஆவணியில கானாடுகாத்தான்ல பனின்னு அதுக்கும் ஒரு கதை சொல்லணும். ரெசின் ஊத்துறேன்னு வேற சொல்லிக்கிட்டிருந்த. ஊத்து, ஆனா ஒரே மூச்சுல தடிப்பா ஊத்தாத. ரெண்டு பொருளும் சேர்ந்தா சூடு கிளம்பும். தடிப்பா இருந்தா சூடு போக வழியில்லாம மஞ்சளாகும், விரிசல் விடும், கீழ இருக்கிற தெர்மகோலும் போகும். மெல்லிசா ஒரு தடவை, அது இறுகின பிறகு இன்னொரு தடவை.

ஆமா, இந்த ஊரணிக்குத் தண்ணி எங்கிட்டிருந்து வருது? நாலு பக்கமும் கரையை உசத்தி அடைச்சுப்புட்டியே. டேங்கர் லாரியா? வரத்துக்கால் எங்க? இதுதான்டா நீ செய்யிற வேலையிலயே பெரிய வேலை, இதைத்தான் பச்சைத் தூளுக்கு அடியில புதைச்சுட்ட. ஓட்டுல விழுந்த மழை உள்பக்கமாச் சரிஞ்சு முத்தத்துல விழும். முத்தத்துல அண்டாவும் கிடாரமும் வச்சுப் பிடிச்சது போக, மிச்சம் தரைக்கு அடியில வாய்க்கா வழியாத் தெருவுக்குப் போகும். தெருத் தண்ணி சாய்வு பார்த்து ஊரணிக்குப் போகும். வறண்ட சீமையில இத்தனை பெரிய வீடுகளைக் கட்டிக் குடியிருந்தாங்கன்னா அந்தச் சாய்வு இருந்ததாலதான். நீ வீட்டையும் செஞ்சுட்ட, ஊரணியையும் செஞ்சுட்ட, ரெண்டுக்கும் நடுவுல ஜமுக்காளம் விரிச்சுட்ட.

சாய்வுன்னதும் மலையைக் கட்டிராத. அம்பது மீட்டருக்குக் கால் மீட்டர் இறங்கினாலே தண்ணி ஓடும். உன் அளவுக்கு அது ரெண்டரை மில்லி. வீட்டுக்கு அடியில ரெண்டு மில்லி அட்டை ஒண்ணு கூடுதலா வச்சு, ஊரணிப் பக்கம் ஓரத்தை உப்புத்தாள்ல தேய்ச்சுச் சரிச்சு விட்டா சோலி முடிஞ்சது. தெருவோரம் பிளேடு முனையால ரெண்டு மில்லி அகலத்துக்கு ஒரு கோடு பள்ளமா எடு, அதுதான் வாய்க்கா. ஊரணிக் கரையில அது போய்ச் சேருற எடத்துல ஒரு மடை. ஜூரியில ஒருத்தர் குனிஞ்சு பார்ப்பாரு. பார்த்தாருன்னா நீ வாயைத் திறக்க வேண்டியதில்ல, அவரே பக்கத்துல இருக்கிறவருக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பிச்சிருவாரு. நீ பேசுறதை விட அது உனக்கு நல்லது.

மனுசங்களை ஒட்டிருக்கியே, இவங்கல்லாம் யாரு? கோட்டு சூட்டுப் போட்டுக்கிட்டுக் கையில பெட்டியோட நிக்கிறாங்க. பாங்கியில இருந்து வீட்டை ஜப்தி பண்ண வந்தவங்களா? ரெண்டு திண்ணை கட்டி வச்சிருக்க, ஒருத்தன் உக்காரல. திண்ணைக்கு என்னடா மரியாதை அப்புறம்? நின்ன ஆளு பதினாறு பதினேழு மில்லி. உக்காந்தா அதுல பாதிக்குக் கொஞ்சம் கூட. தாள்ல வெட்டி மடக்கி ரெண்டு பேரைத் திண்ணையில உக்கார வை, ஒருத்தரைத் தூண்ல சாய்ச்சு விடு. மூக்கு முழியெல்லாம் வரையாத, வெள்ளையாவே இருக்கட்டும். கொல்லையில துணி காயப்போடக் கொடி கட்டிருக்க, அந்தக் கருத்து எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா தையல் நூலு கால் மில்லி. பெருக்கினா ரெண்டரை சென்டி. வேட்டி காயப்போடுற கொடியா, தேர் இழுக்கிற வடமா? இன்னும் மெல்லிசா நூலு பாரு. மெழுகுல ஒரு இழு இழுத்தா பிசுறு நிக்காது.

சில்லறை வேலையைச் சட்டுனு சொல்லிப்புடுறேன். பிளேடு மழுங்கினா மாத்து, மழுங்கின பிளேடு அட்டைக்குள்ள இருக்கிற நுரையைக் கடிச்சு வைக்குது, மூலையெல்லாம் பல்லு தெரியுது. பென்சில் கோட்டை ரப்பர்ல எடு. பலகை ஓரத்துல பிளைவுட்டு வயிறு தெரியாம ஒரு பட்டை ஒட்டு. உன் பேரு, காலேசு பேரு, வாத்தியாரு பேரு எல்லாம் மூணு சென்டி எழுத்துல எழுதிருக்கியே, மூணு மீட்டர் எழுத்துடா அது, சினிமா தியேட்டருக்குக் கூட அத்தனை பெருசு வேணாம். வீட்டு வாசல் நிலையை விட எழுத்து பெருசா இருக்கக்கூடாது.

நாளைக்கு விடிகாலைப் பல்லவன் ரயில்ல போறதா இருந்தா மரத்தையெல்லாம் ஒட்டாத. அடியில குண்டூசி வச்சு, பலகையில துளை போட்டு, குத்தி எடுக்கிற வாக்குல வை. மரத்தைத் தனி டப்பாவுல கொண்டு போ. ரயில்ல ஒருத்தன் மூட்டையை அது மேல வைக்கத்தான் செய்வான், அட்டைப்பெட்டிக்குள்ள மாடலை விட உசரமா நாலு மூலையிலயும் கட்டை நிறுத்திரு.

மார்க்கு வருமான்னு கேக்குறியா? அதை எவன்டா சொல்ல முடியும். லண்டன்ல செயின்ட் பால் தேவாலயத்துக்கு ரென்னுன்னு ஒருத்தரு 1673-74ல ஓக் மரத்துலயும் சாந்துலயும் ஒரு மாடல் செஞ்சாருன்னு நீதானே சொன்ன. ஆறு மீட்டருக்கு மேல நீளம், ஆளு உள்ள நுழைஞ்சு நடந்து பார்க்கலாம். அம்புட்டையும் பார்த்துட்டுப் பாதிரிமாரு இது வேணாம்னுட்டாங்க. வேற படம் போட்டுத்தான் அவரு கோயிலைக் கட்டினாரு, தள்ளிவிட்ட மாடலு இன்னைக்கும் அதே கோயிலுக்குள்ள பத்திரமா இருக்கு. உள்ள நடக்கவிட்ட மாடலுக்கே அந்தக் கதி. உன்னுது மடியில வச்சுக் கொண்டு போற மாடலு.

அதனால கொத்தனாரு புத்தி ஒண்ணு சொல்றேன், வாத்தியாருகிட்டச் சொல்லிறாத. நாங்க வீடு கட்டுறப்ப பாதிக் கட்டடத்துல ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிடுவோம். நாக்கைத் துருத்திக்கிட்டு அசிங்கமா இருக்கும். போறவன் வர்றவன் கண்ணெல்லாம் அது மேல போகும். சுவரு கோணலா நேராங்கிற பேச்சே வராது. ஜூரிக்கு வர்ற பெரிய மனுசங்களும் ஒரு குத்தமாவது சொன்னாத்தான் காபி குடிப்பாங்க. ஒண்ணுமே இல்லாட்டி ஊரணியில கைவைப்பாங்க, வாய்க்காலைத் தோண்டுவாங்க, வளவையே இடிக்கச் சொல்லுவாங்க. நீயே ஒண்ணை எடுத்துக் குடுத்துரு. உங்க அக்கா மகன் விளையாடுறானே, செக்கச்செவேல்னு ஒரு காரு, ஏழு சென்டி நீளம். பெருக்கு. ஏழு மீட்டரு, மினி பஸ்ஸு தோத்துது. அதைக் கொண்டுபோய் முகப்புக்கு நேரா நிறுத்து. 'என்னப்பா இது, அளவே தப்பா இருக்கு, இதை எடு'ன்னு ஒருத்தர் அதட்டுவாரு. 'சரிங்க சார், கவனிக்கல சார்'னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு எடுத்துப் பையில போட்டுக்க.

ஒட்டிராதடா, சும்மா நிறுத்தி வை. சாயங்காலம் அந்தப் பய காரைக் கேட்டு அழுவான், யாரு பதில் சொல்றது?